ஆங்கில மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்வது பயன் தருமா?

பள்ளத்தூர் ஆச்சி

வெளிநாட்டில் மேற்படிப்புப் படிப்பதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதவிருக்கும் என் பேரனுக்கு, அவன் சேர்ந்திருக்கும் பயிற்சி நிலையத்தில் ஆங்கில மரபுத்தொடர்களும் பேச்சுவழக்குத் தொடர்களும் அடங்கிய தடித்த கையேடு ஒன்றைக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மழை கொட்டினால் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்றும், வேலை எளிதாக இருந்தால் 'பீஸ் ஆஃப் கேக்' என்றும் வீட்டு வளவு முழுவதும் சொல்லிக்கொண்டே திரிகிறான். இவ்வளவும் அவனுக்குத் தேவைதானா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தேவகோட்டை ஆசிரியர்

தேவைதான் ஆச்சி. அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள் நடக்கும். அதில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கையும் சம அளவில் எடைபோடுகிறார்கள். சொல்வளத்தில் 7 என்ற நிலையை எட்ட, அதிகம் புழங்காத சொற்களையும் மரபுத்தொடர்களையும் ஓரளவேனும் கையாள வேண்டும் என்று மதிப்பீட்டு விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

தேர்வை விட்டுவிட்டாலும், நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் ஆங்கிலம் ஏட்டு ஆங்கிலம். 'போஸ்ட்போன்', 'கேன்சல்' என்று படித்தவன், அங்கே போய் இறங்கியதும் 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்' என்று எல்லோரும் பேசுவதைக் கேட்டு, இரண்டில் எது தள்ளிவைப்பு, எது ரத்து என்று தெரியாமல் நிற்கிறான். முந்தையது தள்ளிவைப்பு, பிந்தையது ரத்து. வகுப்பு நடக்குமா நடக்காதா என்பதே இந்தச் சிறு சொற்களில் அடங்கியிருக்கும்போது, இவற்றை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரி

ஆசிரியர் ஐயா மீது மதிப்பு உண்டு. ஆனால் இந்த மனப்பாடத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பட்டறைக்கு வரும் வெளிநாட்டவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் பலர். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றும் வேலையை நின்று பார்த்துவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் எளிய ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஏனென்றால் அது நமக்கு எப்படியோ அப்படியே அவர்களுக்கும் கற்றுக்கொண்ட மொழி. அங்கே நாம் மரபுத்தொடரை எடுத்துவிட்டால் அவர்கள் விழிப்பார்கள்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இவற்றால் தடுமாறியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். உடனே விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்கர்களுக்கோ அதே சொல்லுக்குக் கிடப்பில் போடுவது என்று பொருள். இரு தரப்பும் விரும்பியது ஒன்றாகவே இருந்தும் நெடுநேரம் கசப்பாக வாதிட்டுக்கொண்டார்கள் என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். சரக்கு அனுப்பும் தேதி பற்றிய கடிதத்தில் 'புஷ் பேக்' (தள்ளிவைப்பது) என்று எழுதுவதைவிட, எந்த மாதம் எந்த நாள் என்று எழுதிவிட்டால் பிழைக்கு இடமே இல்லை. நம் ஐயாக்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனபோது, கையேடு வைத்துக்கொண்டா அந்த ஊர் மொழியைப் பழகினார்கள்? தொழிலிடமும் தங்குமிடமுமான கிட்டங்கியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசிப் பேசித்தான் பழகினார்கள்.

கானாடுகாத்தான் வழிகாட்டி

இருவரும் பெரிய தொடர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். உண்மையில் சிக்கலைத் தருவது மிகச் சிறியவை. இங்கே தங்கும் விடுதியாக மாறியிருக்கும் வீடு ஒன்றில், பரிமாறும் தம்பி காப்பிக் கூஜாவோடு போய் 'மோர் காபி சார்?' என்று கேட்டார். விருந்தினர் 'ஐ ஆம் குட்' என்றார். நலமாக இருப்பதாகச் சொல்கிறார் போலும் என்று நினைத்து, தம்பி மகிழ்ச்சியோடு கோப்பையை நிரப்பிவிட்டார். போதும், வேண்டாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று பிறகு விளக்க வேண்டியதாயிற்று. லண்டன்காரர் காலையில் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்டால் நம் முகம் வாடியிருக்கிறது என்று பொருள் அல்ல, அது வெறும் வணக்கம். குழிப்பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டு 'நாட் பேட் அட் ஆல்' என்றால் சமையல்காரர் வருத்தப்பட வேண்டியதில்லை, அது பாராட்டு. பயிற்சி நிலையக் கையேடுகளில் இவை அநேகமாக இருப்பதில்லை.

நாய் பூனை மழைத் தொடரோ 1738-ல் ஆங்கில எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதியதிலேயே இருக்கிறது. மழையில் மாட்டிக்கொண்ட எந்த விருந்தினரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'போரிங் டவுன்' என்பார்கள். (சலிப்பூட்டுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கொட்டுகிறது என்று பொருள்.)

தேவகோட்டை ஆசிரியர்

வழிகாட்டித் தம்பி சொன்னது என் கட்சிக்கே வலுச்சேர்க்கிறது. 'ஐ ஆம் குட்' என்பதை யாராவது முன்பே சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தக் காப்பி வீணாகியிருக்காது. வியாபாரி ஐயா கிட்டங்கியை எடுத்துக்காட்டினார். அங்கே சிறு வயதிலேயே தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, நாள் முழுவதும் அந்த மொழியின் நடுவிலேயே இருந்தார்கள். பள்ளத்தூரில் இருந்துகொண்டு சில மாதங்களில் தேர்வுக்கு உட்காரும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எங்கே இருக்கிறது?

ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரி

கேட்டுப் புரிந்துகொள்ளக் கற்பதை நான் மறுக்கவில்லை ஐயா. வாயில் போட்டுக்கொள்வதைத்தான் மறுக்கிறேன். தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், கடைவீதியில் பேச்சுக்குப் பேச்சு 'மூக்கில் விரல் வைத்தேன்', 'வாயைப் பிளந்தேன்' என்று அடுக்கினால், பிழை ஏதும் இல்லாவிட்டாலும் நமக்குச் சிரிப்புத்தான் வரும். தேர்வாளருக்கும் அப்படித்தானே இருக்கும்? ஒப்பித்த பதிலை அடையாளம் காணவும் அவர்களுக்குப் பயிற்சி உண்டு.

தேவகோட்டை ஆசிரியர்

அந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன். அடுக்கக் கூடாது, இடம் அறிந்து ஒன்றோ இரண்டோ வந்தால் போதும். ஆனால் சொல்லிப் பழகாத தொடர் காதிலும் விழாது என்பது என் அனுபவம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பள்ளத்தூர் ஆச்சி

அப்படியானால் கையேட்டில், கேட்டால் புரிய வேண்டியவற்றுக்கு ஒரு குறியும், தானே பேசத் தக்கவற்றுக்கு வேறு குறியும் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். கட்டுரையிலும் இவற்றை எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், அது சரியா?

தேவகோட்டை ஆசிரியர்

கூடாது ஆச்சி. மேற்படிப்புக்கான தேர்வில் குறைந்தது 150 சொற்களில் ஒரு வரைபட விளக்கமும் குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். இரண்டிலும் 'கோனா' ('கோயிங் டு'), 'வானா' ('வான்ட் டு') போன்ற பேச்சுநடையைத் தவிர்க்க வேண்டும். 'புட் ஆஃப்' என்று பேசிப் பழகிய பிள்ளை, அங்கே 'போஸ்ட்போன்' என்றே எழுதட்டும்.