வடலூர் அடுப்புக்குப் போன பூசணிக்காய்கள்

நெய்வேலியிலிருந்து ஓர் உறுப்பினர்:

தோட்டம், சாப்பாடு வழியாக நம்பிக்கைக்கு வந்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயில், விரதம் எதுவும் இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கோயில் கொடை நடக்கும்போது எங்கள் வாசல் மட்டும் கோலம் இல்லாமல் கிடக்கும். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. சாதி கேட்காமல் யார் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடக் கற்றுக்கொடுத்தது அந்த அப்பாதான்.

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தேன். குவார்ட்டர்ஸ் வீட்டைச் சுற்றி நல்ல இடம், செம்மண். கணவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் பேச ஆள் இல்லை. அதனால் மண்ணைக் கொத்த ஆரம்பித்தேன். முருங்கை, வாழை, கத்தரி. எல்லாம் வந்தது. வந்ததை யாருக்குக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

குழாயடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு செடி தானாகவே படர்ந்திருந்தது. களை என்று பிடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு ஆயா ஒருவர் வேலி ஓரமாக நின்று பார்த்தார். "ஏம்மா, கரிசலாங்கண்ணியப் போயி பிடுங்குற? வடலூர்ல இதுக்கு ஆள் தேடுவாங்க." அவர் ஓர் இலையைக் கசக்கிக் காட்டினார். பச்சைச் சாறு கொஞ்ச நேரத்தில் அவர் விரலில் கறுப்பாக மாறியது.

வடலூர் வள்ளலார் தினமும் உண்ணச் சொன்ன மூலிகைகளில் கரிசலாங்கண்ணிக்குத்தான் முதலிடம். கூடவே தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம். ஆயாவின் வீட்டில் இந்த மூன்று இலையையும் நிழலில் உலர்த்தி, சீரகம் சேர்த்துப் பொடித்து, காலையில் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். காபி, டீ கிடையாது. எனக்கும் ஒரு டப்பாவில் கொடுத்தார். அப்புறம் தூதுவளைக் கொடியும் கொடுத்தார். தண்டில் மட்டுமில்லை, இலையின் முதுகு நரம்பிலும் முள் இருக்கும். நெய்யில் வதக்கினால் அந்த முள் அடங்கிவிடும். முசுமுசுக்கை இலையைத் தொட்டால் சொரசொரவென்று இருக்கும், அரிசியோடு அரைத்து அடை சுட்டால் சளி பிடித்த பிள்ளைக்கு அவ்வளவு இதம்.

ஒரு பூச நாளில் கீரைக் கட்டுகளோடு ஆயா என்னை வடலூருக்குக் கூட்டிப்போனார். நான் தயங்கினேன். "ஆயா, நான் மீன் சாப்பிடுறவ" என்றேன். வள்ளலார் அங்கே கட்டிய வழிபாட்டிடமான ஞான சபையின் வாசலில் கொலை, புலை (உயிரைக் கொல்வது, புலால் உண்பது) தவிர்த்தவர்களே உள்ளே வரவேண்டும் என்று எழுதியிருப்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். அவர் சொன்னார்: "அது சபைக்குள்ள போறதுக்கு. தருமச்சாலைல சாப்பிட வர்றவங்கள யாரும்மா கேக்குறா? பசிதானே கணக்கு."

அது உண்மைதான். பசித்து வரும் எல்லோருக்கும் சோறு போடும் சத்திய தருமச்சாலையை வள்ளலார் தொடங்கியது 1867 மே 23. இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். சத்திய ஞான சபை வந்தது அதற்குப் பிறகுதான், 1872 தைப்பூசத்தில். வழிபடும் இடத்துக்கு முன்னால் அவர் கட்டியது சமையலறை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் மூட்டிய அடுப்பை அணையவிடாமல் இன்றுவரை காத்துவருகிறார்கள். 1874இல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் திரும்பி வரவில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்திலும் இந்த அடுப்பு எரிந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடவுள் உண்டா இல்லையா என்று நான் அப்பாவோடு பேசிய எந்தப் பேச்சும் என்னை அப்படித் தொட்டதில்லை.

சமையல் கட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா நகர்ந்து இடம் விட்டு, ஒரு அரிவாள்மனையை என் பக்கம் தள்ளினார். "பெரிசாவே போடும்மா, குழைஞ்சிடும்." அவ்வளவுதான். எந்த ஊர், என்ன ஆளுங்க என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கேள்வி இல்லாமல் என்னிடம் யாரும் பேசியதே இல்லை. அப்புறம் பந்தியில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு, பரங்கிக்காய் போட்ட சாம்பார், ரசம். எனக்குப் பக்கத்தில் ஊர் ஊராகப் போகிற ஒரு பெரியவர், அந்தப் பக்கம் பேங்க் அதிகாரி மாதிரி ஒருவர். ஒரே சோறு, ஒரே கரண்டி.

அதற்குப் பிறகு என் தோட்டம் மாறிவிட்டது. எங்கள் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று பார்த்து நட்டவள், அந்தச் சமையல் கட்டுக்கு எது ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பெரிய அண்டாவுக்குக் கீரைக் கட்டு எந்த மூலைக்கு? ஆயாதான் வெள்ளைப் பூசணி போடச் சொன்னார். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் மார்கழி வாக்கில் காய் முற்றி மேலே சாம்பல் பூக்கும். காம்போடு அறுத்துத் தரையில் வைக்கோல் பரப்பி வைத்தால் தைப்பூசம் வரைக்கும் கெடவே கெடாது. பூசத்துக்கு வரும் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இதைவிடத் தோதான காய் இல்லை.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு பிஞ்சு ரோமத்தோடு இருக்கும். தேனீ வராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். விடிந்ததும் போய் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவில் தொட்டுத் தொட்டு வைப்பேன். யாரோ ஒருவர், நான் பார்க்கப்போகாத ஒருவர், தையில் இதைச் சாப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டே செய்வேன். வாயில் மந்திரம் எதுவும் இருக்காது. ஆனால் பிரார்த்தனை என்று மற்றவர்கள் சொல்வது எனக்கு முதன்முதலில் புரிந்தது அந்த நேரத்தில்தான். வாடிய பயிரைக் கண்டு வாடிய ஒருவரைப் பின்பற்ற எனக்குச் சடங்கு எதுவும் தேவைப்படவில்லை. மீனும் கறியும் பிறகு தானாகவே விட்டுப்போயின. யாரும் சொல்லி விடவில்லை.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் யாரும் அந்த நாளை மறக்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன, முந்திரித் தோப்புகள் தரைமட்டமாயின. எங்கள் தோட்டத்தில் முருங்கை, வாழை, பந்தல் எதுவும் மிச்சமில்லை. தைப்பூசத்துக்கு என்று எடுத்துவைத்திருந்த பூசணிகள் மேல் கொட்டகை விழுந்து நொறுங்கிப்போயின. அதைப் பார்த்துத்தான் அழுதேன், முருங்கைக்குக்கூட அழவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்ததும் சமையல் கட்டில் பழகிய பெண்கள் சிலர் வீடு தேடி வந்தார்கள். அவர்கள் வீடுகளிலும் கூரை போயிருந்தது. ஈரத் துணியில் சுற்றி கரிசலாங்கண்ணித் தண்டு, ஒரு பொட்டலத்தில் பரங்கி விதை, தூக்குவாளியில் சோறு. "வேர் புடிச்சிருக்கு, இன்னிக்கே வச்சிடு" என்றார் எனக்கு அரிவாள்மனை தள்ளிய அம்மா. அவரே மண்வெட்டியை எடுத்து விழுந்த மட்டைகளை ஒதுக்கினார். சொந்தக்காரர்கள் போனில் விசாரித்தார்கள், அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் நான் யாரோடு சேர்ந்தவள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா ஒருமுறை நெய்வேலி வந்தபோது தருமச்சாலைக்கு அழைத்துப்போனேன். பந்தியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். தனி வரிசை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு உட்கார்ந்தார். மோர் வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டார். சபைப் பக்கம் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. நான் மட்டும் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்தேன். ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள் உண்டு. மாதப் பூசத்தில் ஆறு திரை விலகும், தைப்பூசத்தில் ஏழும். திரும்பி வரும்போது அவர் பரங்கிக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பையனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அக்கா, உங்கள் பூசணி எனக்கு எங்கள் பள்ளிவாசல் கஞ்சியை ஞாபகப்படுத்தியது. வளைகுடாவில் ரொம்ப வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் சொந்தத் தெருவிலேயே விருந்தாளி மாதிரி இருந்தது. தொழுகையில் தோளோடு தோள் நின்றாலும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. மொட்டை மாடியில் உடைந்த தொட்டிகளில் புதினா, மல்லி போட்டிருந்தேன். ரமலானில் ஒருநாள் கைநிறையப் பறித்துக்கொண்டு நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்துக்குப் போனேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு எல்லாம் வெந்துகொண்டிருந்தன. கஞ்சி காய்ச்சுகிற பாய் புதினாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "நாளைக்கும் கொண்டு வாங்க காக்கா" என்றார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். அந்த 'நாளைக்கும்' போதும் எனக்கு. அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் மாற்றுமதத்து வீட்டுப் பிள்ளைகள். இப்போது அவர்கள் எல்லோருக்கும் நான் புதினா மாமா.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

படித்து முடித்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். எங்களுக்கு மூன்றாவது மாடியில் சின்ன பால்கனிதான், காலை வெயில் மட்டும் வரும். இந்த மூன்று மூலிகையும் அங்கே வருமா? வடலூரில் கொடுக்கும் அளவுக்கு விளையாது என்று தெரியும்.

நெய்வேலி உறுப்பினரின் பதில்:

தாராளமாக வரும். முசுமுசுக்கைக்கு ஒரு தொட்டியும் கம்பியில் கட்டிய சணல் கயிறும் போதும், கொடி தானாக ஏறும். சிவந்து பழுத்த பழத்திலிருந்து விதை எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவையுங்கள். தூதுவளையைத் தண்டு வைத்தே வளர்க்கலாம், பிள்ளைகள் கை எட்டாத ஓரமாக வையுங்கள். கரிசலாங்கண்ணிக்கு ஆழம் வேண்டாம், அகலமான பேசின் எடுத்து எப்போதும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கணுவுக்குக் கணு வேர் விடும். தருமச்சாலைக்குக் காய் கொண்டுபோக வேண்டும் என்றால் விளைவித்துத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. கோயம்பேட்டில் ஒரு மூட்டை பரங்கிக்காய் வாங்கி பஸ்ஸில் ஏற்றி வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வரும்போது அம்மாவையும் கூட்டி வாருங்கள், நறுக்க ஆள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கிறது.