வீட்டு மொழிப் படிவத்தில் "ஆங்கிலம்" என்று எழுதச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

வைகைக்கரையாள்:
கிண்டர்கார்ட்டன் சேர்க்கை பற்றிய இழையில் நொய்யல் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "அமெரிக்கப் பள்ளியில் வீட்டு மொழி எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலம் என்று எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஈஎஸ்எல் என்கிற ஆங்கிலம் கற்பவர் வகுப்பில் தள்ளிவிடுவார்கள், அப்புறம் வெளியே வரவே முடியாது." அதற்குக் கீழே வரிசையாக நன்றி வேறு. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்தப் படிவத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் எத்தனை பேர்? கலிஃபோர்னியாவில் நான்கே கேள்விகள். பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது, நீங்கள் பிள்ளையிடம் பேசுவது எது, வீட்டுப் பெரியவர்கள் பேசுவது எது. பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியுமா என்று அதில் கேள்வியே இல்லை. தமிழ் என்று எழுதினால் 30 நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்ச்சிச் சோதனை வைப்பார்கள். ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளை அதில் தேறிவிடும். தேறிவிட்டால் ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் பெயரே ஏறாது. தேறாவிட்டால் உதவி வேண்டும் என்று அர்த்தம். இதில் தள்ளுவது எங்கே வந்தது?

என் தங்கை வீட்டில் இப்படித்தான் யாரோ சொன்னார்கள் என்று ஆங்கிலம் என்று எழுதிவிட்டார்கள். குழந்தைக்குப் பேச்சு கொஞ்சம் தாமதம். பள்ளி வைத்த மதிப்பீட்டுக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். மதிப்பீடு செய்த அம்மாள் ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார். குழந்தை பளிச்சென்று "குடை" என்றாள். பூச்சியம். அடுத்த படத்துக்கு "சீப்பு" என்றாள். அதற்கும் பூச்சியம். படிவத்தில் ஆங்கிலம் என்று இருக்கிறதே, மொழிபெயர்ப்பாளரை எதற்குக் கூப்பிடுவார்கள்? கடைசியில் அறிவு வளர்ச்சியே குறைவோ என்று சந்தேகப்பட்டு அறிக்கை வந்தது. தங்கை அன்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

படிவத்தில் பொய் எழுதாதீர்கள். எழுதச் சொல்லாதீர்கள்.

நொய்யல்:
பெயரைச் சொல்லித் தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம். பொங்கல் விழாக் கணக்கு விவகாரத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

என் மகனைச் சேர்க்கும்போது நான் உண்மையைத்தான் எழுதினேன். தமிழ், தமிழ், தமிழ், தமிழ் என்று நான்கு கேள்விக்கும். என்ன கிடைத்தது? கிண்டர்கார்ட்டனில் எழுத்து பிடிபடவில்லை என்றேன். "வீட்டில் வேறு மொழி, கொஞ்சம் பொறுங்கள்" என்றார்கள். ஒன்றாம் வகுப்பிலும் அதே பதில். இரண்டாம் வகுப்பில் நான் சண்டை போட்ட பிறகுதான் டெஸ்ட் வைத்து டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு என்றார்கள். பிள்ளை அதற்குள் "நான் மக்கு" என்று தானே முடிவு செய்துவிட்டான். ஆங்கிலம் என்று எழுதியிருந்தால் பொறுங்கள் என்று சொல்ல அவர்களுக்குச் சாக்கு இருந்திருக்காது.

அப்புறம், ஃப்ரீமான்ட்டில் வளரும் நாலு வயதுப் பிள்ளைக்கு அம்ப்ரெல்லா தெரியாதா? நம்பச் சொல்கிறீர்களா?

தஞ்சைத் தமிழன்:
தாய்மொழியைத் தமிழ் என்று எழுதக் கூசுகிறவர்கள் விழா மேடையில் மட்டும் வேட்டி கட்டிக்கொண்டு தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவார்கள். நமக்கு எதற்கு வம்பு.

நொய்யல்:
நான் வேட்டி கட்டினதும் கட்டாததும் உங்களுக்கு என்ன? என் பிள்ளைகள் இரண்டு பேரும் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். உங்கள் பிள்ளை போகிறதா?

வைகைக்கரையாள்:
தஞ்சையார், இது தமிழ்ப் பற்றைப் பற்றிய இழை இல்லை.

நொய்யல், உங்கள் மகனுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அதைச் செய்தது படிவம் இல்லை, உங்கள் பள்ளி மாவட்டம், அதாவது உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம். குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் தேடிக் கண்டுபிடித்து மதிப்பீடு செய்வது மாவட்டத்தின் கடமை என்று ஐடியா என்கிற மத்தியச் சிறப்புக் கல்விச் சட்டம் சொல்கிறது. ஆங்கிலம் கற்பவர் என்பதற்காகக் காத்திருக்கச் சொல்ல அதில் இடமே கிடையாது. வாயால் கேட்டால் தலையாட்டி அனுப்புவார்கள். எழுத்தில் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் எழுத்தில் கேட்டால் 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீட்டை முடித்து ஐஇபி, அதாவது பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டக் கூட்டம் நடத்த வேண்டும். நீங்கள் எழுத்தில் கேட்டீர்களா?

தங்கை மகளுக்கு அம்ப்ரெல்லா தெரியும். வீட்டில் குடை என்றுதான் சொல்வாள், அதனால் அதுதான் வாயில் வந்தது.

நொய்யல்:
தெரியும் என்றால் சொல்லியிருப்பாளே. அங்கேதான் உங்கள் கதை இடிக்கிறது.

எழுத்தில் கேட்டீர்களா என்று என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். எச்1பி விசாவில் வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவனுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்தில் கேட்க வேண்டும் என்று எந்தச் சாமி வந்து சொல்லும்? சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, டீச்சர் வகுப்பில் இருக்கிறார். நான் சொல்வது வகுப்பில் நடப்பதை.

எடிசன் டீச்சர்:
நியூஜெர்சியில் ஈஎஸ்எல் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் நடக்கிறது. சில பள்ளிகளில் மொழிப் பிரச்சினையைக் குறைபாடு என்கிறார்கள், சில பள்ளிகளில் குறைபாட்டை மொழிப் பிரச்சினை என்கிறார்கள். ஒரே மாவட்டத்தில் இரண்டும் நடந்து பார்த்திருக்கிறேன். இரண்டாவதைப் பெற்றோரால் கண்டுபிடிக்க முடியும். பிள்ளை தமிழில் எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். தமிழிலும் கதை சொல்ல வரவில்லை, இரண்டு கட்டளையைச் சேர்த்துச் சொன்னால் தடுமாறுகிறது என்றால் காரணம் ஆங்கிலம் இல்லை. தமிழில் சரளமாக வாயடித்துவிட்டு வகுப்பில் மட்டும் மௌனமாக இருந்தால் பெரும்பாலும் புது மொழிதான் காரணம். இதைப் பள்ளியிடம் சொல்லத்தான் அந்தப் படிவம்.

இன்னொன்று. ஐஇபி இருக்கிற பிள்ளைக்கு ஈஎஸ்எல் கிடையாது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் தேவையான பிள்ளைக்கு இரண்டும் கொடுத்தாக வேண்டும்.

நொய்யல்:
டீச்சர், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படிக்கிறதிலேயே குறைபாடு இருக்கிற பிள்ளை அந்த எல்பாக்கின் வாசிப்புப் பகுதியில் எப்படித் தேறும்? தேறாது. தேறாததால் வருடா வருடம் ஆங்கிலம் கற்பவர். என் மகன் பேசுவதைக் கேட்டால் இங்கே பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி இருக்கும். இன்னும் பட்டியலில் இருக்கிறான். மிடில் ஸ்கூலில் பாட்டு, ஓவியம் எடுக்க வேண்டிய நேரத்தில் ஆங்கில வளர்ச்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். ஒரே ஒரு படிவத்தில் நான்கு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதியதற்குக் கிடைத்த பரிசு.

எடிசன் டீச்சர்:
அது உண்மையான பிரச்சினைதான். கற்றல் குறைபாட்டையும் மொழித் தேர்ச்சியையும் அந்தத் தேர்வால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. ஐஇபி குழு அதைப் பேச வேண்டும், தேர்வில் என்ன வசதிகள் தரலாம் என்று...

வைகைக்கரையாள்:
டீச்சர், இடையில் வருவதற்கு மன்னியுங்கள். அவர் இங்கே கேள்வியையே மாற்றுகிறார். பட்டியலிலிருந்து வெளியே வருவது கஷ்டம் என்பது ஒரு விஷயம், நுழையும்போது பொய் எழுது என்பது வேறு விஷயம். வெளியே வர வேண்டுமானால் ஐஇபி கூட்டத்தில் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். ஈஎஸ்எல் வகுப்பே வேண்டாமென்றால் அதை மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. வருடாந்திரச் சோதனையை மட்டும் தவிர்க்க முடியாது, அவ்வளவுதான்.

வரலாறு தெரியாமல் பேசுகிறோம் என்பதுதான் என் ஆத்திரம். 1970இல் இதே கலிஃபோர்னியாவில் டயானா வழக்கு. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் 9 பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை வைத்து மனவளர்ச்சி குன்றியவர்கள் வகுப்பில் போட்டார்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே இல்லை என்று தெரிந்தது. 1974இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் லாவ் வழக்கு. சுமார் 1,800 சீனப் பிள்ளைகள் புரியாத மொழியில் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே புத்தகம், ஒரே டீச்சர் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அந்தப் பெற்றோர்கள் கோர்ட் படியேறி வாங்கிய உரிமை இது. நாம் டெஸ்லாவில் வந்து இறங்கி ஒரு டிக் அடித்து அதைத் தூக்கி எறிகிறோம்.

நொய்யல்:
என்னிடம் டெஸ்லா இல்லை. பழைய கேம்ரிதான்.

டெக்சாஸ் திண்ணை:
எங்கள் மாநிலக் கதை தெரியுமா? 2004இலிருந்து சிறப்புக் கல்வியில் 8.5 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் மாவட்டத்துக்குக் குறை மதிப்பெண் போடுகிற மாதிரி வைத்திருந்தார்கள். பள்ளிகள் சும்மா இருக்குமா? உதவி தேவைப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்பின. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் தோண்டி எடுத்தது, 2018இல் மத்தியக் கல்வித் துறையே சட்டமீறல் என்றது. ஆகவே படிவத்தில் என்ன எழுதினாலும் தர விருப்பமில்லாதவன் தர மாட்டான்.

நொய்யல்:
இதைத்தான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்!

வைகைக்கரையாள்:
இல்லை, நீங்கள் கத்துவது ஆங்கிலம் என்று எழுதுங்கள் என்று. அவர் சொல்வது வேறு.

டெக்சாஸ் திண்ணை:
இதில் பணமும் இருக்கிறது. 1975இல் சிறப்புக் கல்விச் சட்டம் போட்டபோது ஒரு மாணவருக்கு ஆகும் தேசியச் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக அமெரிக்கக் காங்கிரஸ் சொன்னது. பெரும்பாலான வருடங்களில் அதில் பாதிகூட வந்ததில்லை. மீதி நாம் கட்டும் மாநில, உள்ளூர் வரிகளிலிருந்துதான். அதனால் கொஞ்சம்...

வைகைக்கரையாள்:
"கொஞ்சம்" என்ன? முழுதாகச் சொல்லுங்கள். சிறப்புக் கல்விப் பிள்ளைகள் உங்கள் வரிப் பணத்தைத் தின்கிறார்கள் என்கிறீர்களா?

டெக்சாஸ் திண்ணை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள் அக்கா. நான் விலகிக்கொள்கிறேன்.

தஞ்சைத் தமிழன்:
அமெரிக்காவை விடுங்கள். தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததே, சிறப்பாசிரியர்கள் சம்பளமும் அந்தத் திட்டத்தில்தானே வருகிறது, அதைப் பற்றி இங்கே யாராவது வாய் திறந்தீர்களா?

நொய்யல்:
அதற்குத் தனி இழை திறங்கள். எல்லாவற்றுக்கும் ஊர் அரசியலைக் கொண்டுவராதீர்கள்.

தஞ்சைத் தமிழன்:
ஊர் அரசியலா? ஊர் வேண்டாம், ஊர் மொழி வேண்டாம், ஊர்ச் சாப்பாடு மட்டும் வேண்டும். நல்லது.

எடிசன் டீச்சர்:
முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. குழந்தைக்கு ஆட்டிசம் என்றதும் வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழி போதும் என்று சிலர் சொல்லி அனுப்புகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. இரு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. பாட்டியோடு பேசும் ஒரே வழியை அடைத்துவிட்டு, பழகாத ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினால் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சே குறைந்துவிடும். இந்தப் படிவச் சண்டையைவிட எனக்கு அதுதான் கவலை.

வைகைக்கரையாள்:
கேட்டீர்களா நொய்யல்? படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிட்டால், ஏன் வீட்டிலும் அதையே பேசக்கூடாது என்றுதான் அடுத்து கேட்பார்கள்.

நொய்யல்:
டீச்சர் படிவத்தைப் பற்றியே பேசவில்லை. எதைச் சொன்னாலும் நீங்கள் அதைப் படிவத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறீர்கள். இன்னும் அந்தக் குடைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் குழந்தைக்கு அப்புறம் என்ன ஆயிற்று? அதையும் சொல்லுங்கள்.

வைகைக்கரையாள்:
சொல்கிறேன். அறிக்கையை ஏற்க மாட்டோம், வெளியாள் மதிப்பீடு வேண்டும், செலவு மாவட்டத்துடையது என்று தங்கை எழுதிக் கொடுத்தாள். ஐடியா சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது. முடிந்தவரை குழந்தையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும், ஆங்கிலம் போதாதது காரணமென்றால் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் லேசில் கிடைக்கவில்லை. கடைசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார்கள். பேச்சுத் தாமதம் மட்டும்தான், வேறொன்றும் இல்லை என்று வந்தது. முதலிலேயே தமிழ் என்று எழுதியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

நொய்யல்:
அல்லது "தமிழ் வீடு, பொறுங்கள்" என்று இரண்டு வருடம் ஓட்டியிருப்பார்கள். உங்களுக்கு நல்லவிதமாக முடிந்தது, எனக்கு முடியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

புது அம்மா:
வணக்கம். மகனை ஆகஸ்டில் கிண்டர்கார்ட்டனில் சேர்க்கிறோம். வீட்டில் தமிழ்தான், டேகேரில் ஆங்கிலம். பேச்சு கொஞ்சம் மழலை. முழுக்கப் படித்தும் குழப்பம்தான் அதிகமாகிறது. முதல் கேள்விக்கு என்ன எழுத?

நொய்யல்:
ஆங்கிலம் என்று எழுதுங்கள் அம்மா. மழலை என்கிறீர்கள். காத்திருக்க வைத்துவிடுவார்கள்.

வைகைக்கரையாள்:
தமிழ் என்று எழுதுங்கள். அதே நாளில் பேச்சு பற்றிச் சந்தேகம் இருக்கிறது, மதிப்பீடு வேண்டும் என்று தனியாக ஒரு கடிதமும் தேதி போட்டுக் கொடுங்கள். நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள், இலவசமாகத் தர வேண்டும்.

நொய்யல்:
அந்தக் கடித யோசனை பரவாயில்லை. ஆனால் என் இரண்டாவது பிள்ளைக்கு நான் ஆங்கிலம் என்றுதான் எழுதப் போகிறேன். யாரும் தடுக்க முடியாது.

வைகைக்கரையாள்:
உங்கள் பிள்ளை, உங்கள் கையெழுத்து. இங்கே வந்து மற்றவர்களை அப்படி எழுதச் சொன்னால் நான் மறுத்து எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

நொய்யல்:
எழுதுங்கள். பொங்கல் கணக்குக்கும் அப்படியே ஒரு பதில் எழுதிவிடுங்கள், போன வருடத்திலிருந்து பாக்கி இருக்கிறது.