வட ஸ்பெயினில் எந்த சைடர் ஆலைக்குப் போகலாம்?

நண்பர்களே, வரும் பிப்ரவரியில் நானும் மனைவியும் வட ஸ்பெயின் போகிறோம். பாஸ்க் பகுதியில் சான் செபாஸ்டியனை ஒட்டிய அஸ்திகர்ராகாவில் ஆப்பிள் சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது) ஆலைகள் நிறைய. ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரைதான் அங்கே சீசன். ‘சோச்’ என்று குரல் கேட்டதும் எல்லோரும் எழுந்து பீப்பாய் முன் வரிசை கட்டுவார்களாம். குழாயிலிருந்து நூல்போலப் பீய்ச்சும் சைடரைக் கோப்பையின் உள்விளிம்பில் படும்படி பிடிக்க வேண்டும். கொஞ்சமாகப் பிடித்து உடனே குடித்துவிட வேண்டும்.

அங்குள்ள பெத்ரிதெகி, சபியாயின் என்ற இரண்டு ஆலைகளில் எது மேல்? முன்பதிவு கட்டாயமா? எங்கள் உண்மையான கவலை சாப்பாடு. காட் மீன் ஆம்லெட், மிளகாயோடு காட் மீன், பிறகு பெரிய மாட்டிறைச்சித் துண்டு, கடைசியில் சீஸும் வால்நட்டும் என்பதுதான் வழக்கமான விருந்து. மனைவி மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். மாற்று கேட்டால் தருவார்களா, முகம் சுளிப்பார்களா?

அடுத்து, ஒயினுக்குப் பேர்போன ரியோஹா பகுதியின் ஆரோ நகரம். அங்கே எந்த ஒயின் ஆலைக்குப் போகலாம்: 1877 முதல் இயங்கும் லோபஸ் தே எரேதியாவா, சொந்தமாகவே பீப்பாய் செய்துகொள்ளும் மூகாவா? ஒரு நாள்தான் இருக்கிறது. பீப்பாய்ப் பட்டறையைப் பார்க்கவே எனக்கு ஆசை. மனைவியோ பழைய நிலவறை என்கிறார்.

வட ஸ்பெயினின் இன்னொரு சைடர் பகுதியான அஸ்தூரியாஸில் தலைக்கு மேலிருந்து சைடர் ஊற்றும் காட்சிக்கு ஒவியேதோ நகரின் காஸ்கோனா தெரு போதுமா, கிராமப்புறம் போக வேண்டுமா? சுற்றுலா விளம்பரங்களை நான் நம்புவதில்லை. நேரில் போனவர்கள் சொல்லுங்கள். கார் ஓட்டும் எண்ணம் இல்லை, பஸ், ரயில் விவரம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.