கெலாட் மரங்களில் பிஎச்டி செய்ய எங்கே போகலாம்?

ஆயர்ஈத்தாம்மலர்:

வணக்கம். வீடு பினாங்கு ஆயர் ஈத்தாம். கோலாலம்பூரில் முதுகலை ஆய்வை முடிக்கப்போகிறேன். என் ஆய்வு கெலாட் மரங்கள், அதாவது சிசிஜியம் பேரினம். நம் நாவல், கிராம்பு, ஜம்பு ஆயர் எல்லாம் இதில்தான் வரும். உலகில் ஏறக்குறைய 1,200 இனங்கள். மரப் பேரினங்களிலேயே பெரியது இதுதான்.

பினாங்குக் கொடிமலையில் ஜீப் பாதைக்கு மேலே ஒரு மரம் நிற்கிறது. மொட்டைப் பார்த்தால் கிராம்பேதான், ஆனால் பாதி அளவு. இதழ்கள் விரிவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டியபடி குட்டித் தொப்பி மாதிரி கழன்று விழும். பிறகு உள்ளே மடங்கியிருந்த மகரந்தத்தாள்கள் வெள்ளையாகப் பிரிந்து நிற்கும். இளங்கிளை நாற்கோணம். இரண்டு வருஷமாக எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. பூ கையில் இருக்கிறது, பழம் கிடைக்கவில்லை.

என் மேற்பார்வையாளர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு துறையில் வகைப்பாட்டியலுக்கு, அதாவது இனங்களைப் பிரித்துப் பெயரிடும் வேலைக்கு, ஆளில்லை. மரபணு மட்டும் பார்க்கும் ஆய்வகத்தில் இடம் தருகிறோம் என்கிறார்கள், எனக்கோ மரத்தை விட மனசில்லை. அப்பா லோரி ஓட்டுகிறார், சொந்தக் காசில் வெளிநாடு போக வழியில்லை. அம்மா, "மரத்துக்குப் பேர் வைக்க இன்னும் நாலு வருஷமா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. யாருக்கு, எப்படி எழுத வேண்டும்?

செந்தூல்வாசி:

தங்கச்சி, நீங்கள் வர்ணித்த மொட்டை வைத்தே சொல்கிறேன், இதை விட்டுவிடாதீர்கள். நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன். நெதர்லாந்தில் முடித்துவிட்டு இப்போது கோலாலம்பூரில் இருக்கிறேன்.

முதலில் காசு. நெதர்லாந்தில் பிஎச்டி பெரும்பாலும் ஒரு வேலை. வேலை விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும், எடுத்தால் நாலு வருஷம் சம்பளம். லைடன் நகரில் உள்ள நேச்சுராலிஸ் அருங்காட்சியகத்தில் மலாயாவிலிருந்து நியூகினி வரைக்குமான உலர்ந்த தாவர மாதிரிகள் குவிந்து கிடக்கின்றன. எடின்பரோவில் அரச தாவரவியல் பூங்காவும் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாணவர்களை எடுப்பார்கள். இஞ்சிக் குடும்பம், பெகோனியா என்றால் அங்கே போகச் சொல்வேன். கெய்ன்ஸ் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஆஸ்திரேலிய வெப்பமண்டல ஹெர்பேரியம் (உலர்ந்த தாவர மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) இருக்கிறது. சீனாவின் யுன்னானில் சிஷுவாங்பன்னா பூங்காவும் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

ஆனால் உங்கள் மரத்துக்கு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் தெருவோரம் நிற்கும் சிசிஜியம் கிராண்டேயின் முழு மரபுத்தொகுதி 2022-இல் வெளிவந்தது, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் அதில் முன்னின்றார்கள். பூங்கா பட்டம் தராது. பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டு அவர்களோடு வேலை செய்ய வேண்டும்.

அப்புறம் கடிதம். நான் முதலில் பதினொரு பேருக்கு, "உங்கள் ஆய்வில் ஆர்வம் உண்டு, வாய்ப்பு இருக்கிறதா?" என்று ஒரே மாதிரி எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. பன்னிரண்டாவது ஆளுக்கு ஒரே பக்கம்: மாதிரியின் படம், இனங்காணும் அட்டவணையில் எந்த இடத்தில் தடுக்கியது, அதற்கு நான் நினைக்கும் காரணம். இரண்டே நாளில் பதில் வந்தது. நீங்கள் மேலே எழுதிய இரண்டாவது பத்தி கிட்டத்தட்ட அந்தக் கடிதம்தான்.

அதற்கு முன் ஒரு வாரம் கெப்போங் போய் ஃப்ரிம் என்ற மலேசிய வன ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் சிசிஜியம் அலமாரிகளை முழுக்கப் புரட்டுங்கள். பினாங்கு மரம் என்பதால் இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். கல்கத்தா பூங்காவின் வாலிச் 1822-இல் பினாங்கு வந்தார். அங்கே சேகரித்தவை இப்போது லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் தனித் தொகுப்பாக இருக்கின்றன. உங்கள் மரத்துக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே யூஜீனியா என்ற பழைய பேரினத்தில் பெயர் வைத்து, அது இணைப்பெயர்ப் பட்டியலில் புதைந்து கிடக்கலாம். டைப் மாதிரியை, அதாவது ஒரு பெயருக்கு அடிப்படையாக வைத்த மாதிரியை, பார்க்காமல் புது இனம் என்று சொல்லவே கூடாது. படங்கள் இணையத்தில் உண்டு.

கற்பூரவல்லி:

மலர், நான் ஹெர்பேரியத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு கட்டைப் பிரித்தேன், மாதிரி ஒன்று பழைய தமிழ் நேசன் தாளுக்குள்ளேயே மடிந்து கிடந்தது. இலை பழுப்பு, காம்போடு மூன்று காய்கள் அப்படியே. சேகரித்தவர் பென்சிலில் இடமும் தேதியும் எழுதியிருந்தார், இனப்பெயர் மட்டும் காலி. ஒரு பெகோனியாவோ கெலாட்டோ தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை இவை இப்படியே இருக்கும்.

மரபணு ஆய்வகத்தை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லாதே. 353 மரபணுக்களைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு, பழைய உலர்ந்த மாதிரியிலும் அது வேலை செய்கிறது. மரமும் தெரிந்து அதுவும் தெரிந்த ஆளுக்குத்தான் எங்கும் இடம். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு துண்டு இலையை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டு வை.

சபா, சரவாக் என்றால் அனுமதி தனித்தனி. 2017-ஆம் ஆண்டின் உயிரியல் வளச் சட்டம் 2020 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது, மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப அதையும் பார். ஒரு மாநிலத்தில் எனக்கு ஏழு மாதம் பிடித்தது. முதல் வருஷத்திலேயே தொடங்கிவிடு.

அம்மாவுக்குச் சொல்ல ஒன்று. சரவாக்கில் தராப் பழம் தெரியுமல்லவா, பலா வகை. இபான் மக்கள் பெரிதாக, இனிப்பாக இருப்பதை லுமோக் என்றும் சிறியதைப் பிங்ஙான் என்றும் பிரித்துச் சொல்வார்கள். தாவரவியலில் வெகுகாலமாக இரண்டுக்கும் ஒரே பெயர்தான். 2022-இல் மரபணு பார்த்தபோது இபான்காரர்கள் சொன்னதே சரி, இரண்டும் வேறு இனம். ஒரே பெயரில் எழுதி வைத்தால், ஒன்று அழியும்போது இன்னொன்றைக் காட்டி நிறைய இருக்கிறது என்பார்கள்.

தைப்பிங்காரன்:

வெளிநாடுதான் வழி என்றில்லை. நான் உள்ளூரில் பதிந்து, வெளியிலிருந்து ஓர் இணை மேற்பார்வையாளரைச் சேர்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து மலைக்கு அரைமணி நேரம். ஒரே மரத்தைப் பூவிலும் காயிலும் போய்ப் பார்க்க முடிந்தது அதனால்தான்.

ஆயர்ஈத்தாம்மலர்:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் நன்றி. தராப் கதையை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நம்ம மரத்துக்கு மலைக்காரங்க என்ன பேர் வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். கேட்கத் தோன்றவே இல்லை எனக்கு. சனிக்கிழமை மறுபடி ஏறுகிறேன், பாதை ஓரக் காய்கறித் தோட்டக்காரர்களிடம் முதலில் அதைக் கேட்கிறேன். காய் விட்டிருந்தால் படம் போடுகிறேன்.