உறுமாமலே கடிக்கும் நாய்: சரியான பிஹேவியரிஸ்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி:
4 வயது ஆண் நாய், கலப்பினம், 22 கிலோ, கருத்தடை செய்தாயிற்று. ஆறு மாதமாகச் சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் யார் போனாலும் உறுமல். சோபாவில் படுத்திருக்கும்போது தொட்டால் பாய்கிறான். ட்ரெய்னர் ஒருவர் ஷாக் காலர் (மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை) போட்டு உறுமலை நிறுத்தினார். இப்போது உறுமாமலே கடிக்கிறான். இதுவரை இரண்டு கடி. இரண்டாவதில் கையில் இரண்டு பல் துளைகள், ஆழமில்லை. வீட்டில் 7 வயதுக் குழந்தை உண்டு. தேடினால் எல்லாருமே தங்களை பிஹேவியரிஸ்ட் (விலங்கு நடத்தை நிபுணர்) என்று போட்டுக்கொள்கிறார்கள். யாரை நம்புவது, என்ன கேட்டுத் தெரிந்துகொள்வது?

பதில் 1:
முதலில் அந்தக் காலரைக் கழற்றிவிடுங்கள். உறுமல்தான் அவன் கொடுத்துக்கொண்டிருந்த எச்சரிக்கை. அதற்கு ஷாக் கொடுத்ததால் எச்சரிக்கை மட்டும் போய்விட்டது, பயம் அப்படியே இருக்கிறது. ஆள் கிட்டே வந்தால் கழுத்தில் வலிக்கும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருப்பான்.

அடுத்தது, பிஹேவியரிஸ்டுக்கு முன்னால் கால்நடை மருத்துவர். இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்றரை வயது வரை இல்லாத குணம் புதிதாக வந்திருக்கிறது, அதுவும் படுத்திருக்கும்போது தொட்டால் வருகிறது. வலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கால்நடை நடத்தை மருத்துவப் பேராசிரியர் டேனியல் மில்ஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, நடத்தைக் கோளாறுக்காக நிபுணரிடம் அனுப்பப்படும் கேஸ்களில் குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்றில் ஒரு பங்கில் ஏதோ ஒரு வலி இருக்கிறது என்கிறது.

வெறும் ஊசி போடுகிற விசிட்டாக முடிந்துவிடக் கூடாது. இடுப்பு, முழங்கால், முதுகு, பல், காது எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது. கிளினிக்கில் பதற்றத்தில் இருக்கும் நாய் நொண்டலை மறைத்துவிடும். அதனால் படுக்கையிலிருந்து எழுவது, படியேறுவது, சோபாவில் தாவுவது மூன்றையும் வீட்டிலேயே வீடியோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் சில வாரங்களுக்கு வலிமருந்து கொடுத்து நடத்தை மாறுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. மருந்தை டாக்டர்தான் எழுத வேண்டும். மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென், பாராசிட்டமாலைக் கையில் எடுக்கவே வேண்டாம், நாய்க்கு அது விஷமாகலாம்.

பதில் 2:
யாரை நம்புவது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான நாடுகளில் பிஹேவியரிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் பட்டத்தைப் பார்க்காமல், அதை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

மேல் படியில் இருப்பவர்கள் கால்நடை மருத்துவம் படித்து, அதன்மேல் நடத்தை மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்கள். அமெரிக்காவில் இவர்களுக்குச் சான்றளிக்கத் தனி அமைப்பே உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, நடத்தைத் திட்டம் போடுவது மூன்றும் ஒருவரே செய்வார். இவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அடுத்து, விலங்கு நடத்தையில் முதுகலையோ முனைவர் பட்டமோ பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள். அப்புறம் ஐ.ஏ.ஏ.பி.சி. (விலங்கு நடத்தை ஆலோசகர்களின் பன்னாட்டுச் சங்கம்) போன்ற அமைப்புகள் கேஸ் அறிக்கைகளை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஆலோசகர்கள். இந்த இரு வகையினரும் உங்கள் டாக்டரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இணையதளத்தில் போட்டிருக்கும் சான்றிதழ்ப் படத்தை நம்பாமல், சான்றளித்த அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

போனில் இவற்றைக் கேளுங்கள்:
– நாய் சரியாக நடந்தால் என்ன செய்வீர்கள், தவறாக நடந்தால் என்ன செய்வீர்கள்?
– முதல் செஷனில் என்ன நடக்கும்?
– டாக்டர் ரிப்போர்ட் வேண்டுமா?
– இதே மாதிரிக் கேஸில் முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள்?

தவறு செய்தால் என்ன என்ற கேள்விக்கு, “தூரத்தைக் கூட்டுவேன், சூழ்நிலையை எளிதாக்குவேன், மறுபடி அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வேன்” என்ற தொனியில் பதில் வர வேண்டும். “திருத்துவேன்” என்று சொல்லிவிட்டு எப்படி என்று சொல்லாமல் நழுவினால் விட்டுவிடுங்கள். கேரண்டி கொடுப்பவரும் வேண்டாம். உயிருள்ள ஒன்றின் நடத்தைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. “அவன் ஆல்ஃபா ஆகப் பார்க்கிறான்”, அதாவது வீட்டில் உங்களை அடக்கித் தலைவனாகப் பார்க்கிறான் என்று ஆரம்பித்தாலும் போனை வைத்துவிடலாம். அந்தப் பேச்சு ஓநாய்களிடமிருந்து வந்தது. ஓநாய்க் கூட்டத்தில் ஆல்ஃபா என்ற கருத்தைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் (David Mech), காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதிவிட்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். இரண்டு பேரிடம் பேசினேன். ஒருவர் முதல் இரண்டு செஷன் வீடியோ காலில்தான் என்கிறார். இன்னொருவர் நாயை 3 வாரம் தன்னிடம் விட்டால் சரிசெய்து தருகிறேன் என்கிறார்.

பதில் 3:
வீடியோ காலில் தொடங்குபவரை எடுங்கள். கடிக்கும் நாயின் வீட்டுக்குள் அந்நியர் ஒருவர் வந்து நின்றால் அவர் பார்ப்பது பதறிப்போன நாயைத்தான். உங்கள் சோபா, உங்கள் சமையலறை, குழந்தை நடந்து போகும் வழி, இதெல்லாம் வீடியோவிலேயே தெரியும். விட்டுவிட்டுப் போகும் முறையில் அந்தத் தட்டும் சோபாவும் குழந்தையும் அங்கே இருக்காது. அங்கே அடங்கிவிட்டதாகத் தெரிவது வீட்டுக்கு வந்ததும் நிற்காது. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன செய்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

முதல் செஷனுக்கு முன் ஒரு நோட்டில் ஒவ்வொரு சம்பவத்தையும் எழுதுங்கள்: தேதி, நேரம், யார், எத்தனை அடி தூரம், அதற்கு முந்தைய 5 நொடியில் நாயின் உடல் எப்படி இருந்தது (உறைந்து நிற்பது, தட்டின் மேல் குனிவது, கண்ணின் வெள்ளை தெரிவது, உதடு நக்குவது), பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். கடியைத் துல்லியமாகச் சொல்லுங்கள். கடியின் தீவிரத்தை அளக்க, கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயன் டன்பார் வகுத்த 6 படி அளவுகோலில் (6தான் மிக மோசம்), ஒரே கடியில் 1 முதல் 4 துளை, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லை என்றால் அது 3ஆம் படி. வீடியோ எடுப்பதற்காக அவனை வேண்டுமென்றே சீண்டாதீர்கள். ஒவ்வொரு முறை கடிக்கும்போதும், கடித்தால் வேலை நடக்கிறது என்று அவனுக்கு உறுதியாகும்.

அதுவரை தட்டு தனி அறையில், கதவு மூடி. சாப்பிட்டு அவன் வெளியே வந்த பிறகே தட்டை எடுங்கள். நடுவில் கையை விட்டு “பழக்குவது” வேண்டாம், அதுதான் இந்தப் பிரச்சினையை வளர்க்கும். சோபாவுக்குப் போக முடியாதபடி கேட் போடுங்கள். குழந்தையும் நாயும் ஒரே அறையில் இருந்தால் நடுவில் தடுப்பு இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் போதாது.

கூடை மாதிரியான வாய்மூடி வாங்குங்கள். வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் வேண்டும், துணியில் இறுக்கிக் கட்டுவது ஆகாது. வாங்கிய அன்றே மாட்டாதீர்கள். உள்ளே ட்ரீட் வைத்து அவனாக மூக்கை நுழைக்க விடுங்கள். வார் கட்டுவது சில நாள் கழித்து, முதலில் 2 நொடி, பிறகு 10, பிறகு ஒரு நிமிடம்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போச்சு. டாக்டர் பதற்றத்தைக் குறைக்க ஃப்ளுவாக்ஸெடின் மாதிரி மருந்து எழுதினால் பயப்படாதீர்கள், இரண்டே நாளில் பலனில்லை என்று நிறுத்தவும் செய்யாதீர்கள். முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் பிடிக்கும். முதல் வாரங்களில் பசி குறையலாம், உங்கள் பயிற்சியோ ட்ரீட்டை நம்பித்தான் நடக்கும். அப்படி ஆனால் பிஹேவியரிஸ்டிடமும் டாக்டரிடமும் உடனே சொல்லுங்கள், மருந்தின் அளவையோ பயிற்சியின் வேகத்தையோ மாற்ற வேண்டியிருக்கும்.