வாயிலும் உணவுக்குழாயிலும் ஒரே நேரத்தில் புற்றுநோய்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், நாங்கள் கொட்டாஞ்சேனை. என் மாமாவுக்குக் கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய் என்று பயொப்சியில் வந்தது. ஒபரேஷனுக்கு முன் எண்டொஸ்கொபி செய்தால், உணவுக்குழாயிலும் ஒன்று இருக்கிறது. வாயிலிருந்து பரவியதல்ல, தனியாகத் தோன்றிய இரண்டாவது என்கிறார் டொக்டர். புகையிலை, பாக்கு, சாராயம் மூன்றும் வாயிலிருந்து உணவுக்குழாய் வரை உட்சவ்வு முழுவதையும் கெடுப்பதால் இப்படி வரலாமாம். இந்தக் கருத்தை ஸ்லோட்டர் என்ற அமெரிக்க டொக்டரின் குழுவினர் 1953இலேயே எழுதியிருக்கிறார்கள். நமக்குத்தான் புதிது. மாமாவோ இப்போதும் பாக்குப் பையைத் தேடுகிறார்!

மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ வேறு எங்குமோ இப்படி இரண்டுக்கும் சிகிச்சை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எதை முதலில் செய்தார்கள்? கதிர்ச் சிகிச்சையும் கீமோவும் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தார்களா? அப்புறம் சாப்பாடு. கஞ்சிகூட இறங்குவதில்லை. உணவுக்குழாயை எடுத்தால் இரைப்பையைத்தான் மேலே இழுத்துப் பொருத்துவார்களாம், அதனால் வயிற்றில் சாப்பாட்டுக் குழாய் போடத் தயங்குகிறார்கள். மூக்குக் குழாயோடு வீட்டில் சமாளித்தவர்கள் என்ன கொடுத்தீர்கள்?

மாமிக்குச் சிங்களம் தெரியாது. கிளினிக் நாட்களில் கூட வரக்கூடியவர் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நாட்டு மருந்து மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.