வாஷிங் தொட்டித் தண்ணீர் தெளியவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

காங்கேயம் வாஷர்:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் சின்னதாக ஒரு எம்-சாண்ட் யூனிட் வைத்திருக்கிறேன். மணல் கழுவிய தண்ணீர் 40 அடிக்கு 15 அடி தொட்டியில் விழும். அதையே மோட்டார் வைத்துத் திரும்ப ஸ்க்ரூ வாஷருக்கு (மணலைக் கழுவுகிற திருகு மெஷினுக்கு) ஏற்றுகிறேன். மணிக்கு 60,000 லிட்டர் ஓடுகிறது. இரண்டு மாதமாகத் தண்ணீர் மோர் மாதிரியே நிற்கிறது. கழுவின மணலை உள்ளங்கையில் தேய்த்தால் மாவு ஒட்டுகிறது, லோடு திரும்பி வருகிறது. போர் 900 அடி போட்டும் பெரிசாகத் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீருக்குக் கட்டுபடியாகாது. போன வாரம் தொட்டி வழிந்து பக்கத்துக் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) இறங்கிவிட்டது. கொழுக்கட்டைப் புல்மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி படிந்து, ஆடு வாய் வைக்கவில்லை. தோட்டத்துக்காரர் வந்து பேசினதை இங்கே எழுத முடியாது. தொட்டியை இன்னும் 5 அடி ஆழமாக்கினால் சரியாகுமா?

கரூர் கிரஷர்:
ஆழமாக்கினால் சேறு தங்க இடம் கிடைக்கும், தண்ணீர் தெளியாது தம்பி. தெளிவது பரப்பளவில்தான் இருக்கிறது. உங்கள் தொட்டி 600 சதுர அடி, அதாவது 56 சதுர மீட்டர். மணிக்கு ஓடுகிற 60,000 லிட்டரை, அதாவது 60 கன மீட்டரை, அதால் வகுத்தால் மணிக்கு ஒரு மீட்டர் சொச்சம். அந்த வேகத்துக்கு மேல் இறங்குகிற தூள்தான் அடியில் தங்கும், அது ஏறக்குறைய 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 10 மைக்ரான் தூள் மணிக்கு ஓர் அடிதான் இறங்கும். பருமன் பாதியானால் வேகம் கால்வாசி ஆகிவிடும். சரி, தண்ணீர் விழுவது எங்கே, எடுப்பது எங்கே?

காங்கேயம் வாஷர்:
ரெண்டும் ஒரே பக்கமுங்ணா. ஒயர் எட்டவில்லை என்று அப்படி வைத்தோம். புட்வால்வு, அதாவது மோட்டார் உறிஞ்சுகிற குழாயின் வாய், அடியில் கிடக்கிறது.

கரூர் கிரஷர்:
அப்புறம் எப்படித் தெளியும்! விழுந்த தண்ணீர் குறுக்கே ஓடி நேரே புட்வால்வுக்குப் போகிறது, மற்ற முக்கால் தொட்டி சும்மா நிற்கிறது. எடுப்பதை எதிர்முனைக்கு மாற்றுங்கள். இரண்டு காலி டிரம்மைக் கட்டி மிதக்கவிட்டு, உறிஞ்சுகிற வாய் மேல்தண்ணீரில் ஓர் அடிக்குள் நிற்கிற மாதிரி தொங்கவிடுங்கள். ரொம்ப மேலே வைத்தால் காற்று இழுக்கும்.

பழைய ஃபிட்டர்:
இரண்டு மாதமாகத்தான் என்றால், இரண்டு மாதத்துக்கு முன்னால் எதை மாற்றினீர்கள்? ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீர் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்துப் பாருங்கள்.

காங்கேயம் வாஷர்:
வைத்துப் பார்த்தேனுங்க. விடிந்தும் மேலே இரண்டு விரல்கடைதான் தெளிந்திருந்தது. கல் இப்போது குவாரியில் புதுப் பக்கத்திலிருந்து வருகிறது, மேல்மண்ணும் செம்மண்ணும் ஒட்டியே இருக்கிறது.

பழைய ஃபிட்டர்:
அதுதான். கல்மாவு இல்லை, களிமண். அதற்கு எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் போதாது. முதலில் ஜாவுக்கு (கல்லை முதலில் உடைக்கிற மெஷினுக்கு) முன்னாலேயே சலித்து மண்ணைத் தள்ளுங்கள். பிறகு பாலிஅக்ரிலமைடு பவுடர், ஆனயானிக் (எதிர்மின்) வகை; மிதக்கிற தூளைத் திரளாகச் சேர்த்து இறக்குகிற மருந்து அது. அதைத் தனியாகக் கரைத்துக்கொள்ள வேண்டும், 1,000 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மெதுவாக ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ஜவ்வரிசிக் கட்டி மாதிரி உருண்டுவிடும். அந்தக் கரைசலைத் தொட்டித் தண்ணீரில் எவ்வளவு விடுவது என்று பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்கள். அதிகமானால் தண்ணீர் வழுவழுத்துச் சல்லடை அடைக்கும். மோட்டாருக்கு முன்னால் விடாதீர்கள், சேர்ந்த திரளை உள்ளே சுற்றுகிற இம்பெல்லர் உடைத்துவிடும். வாஷரிலிருந்து தொட்டிக்கு வருகிற வாய்க்காலில் விடுங்கள். நம் ஊரில் தேத்தாங்கொட்டை தேய்த்த குடத்தில் நடப்பதும் இதே வேலைதான்.

கனடாவில் யூக்கான் பக்கம் ஆற்றுச் சரளையில் தங்கம் அலசுகிற சின்னச் சுரங்கங்களிலும் இதே பாடுதான். முதலில் ஒரு சின்னக் குட்டையில் பருமணலை இறக்கிவிட்டு, பிறகுதான் பெரிய குட்டைக்கு விடுவார்கள். நீங்களும் தொட்டிக்கு முன்னால் ஒரு குழி வெட்டுங்கள், ஜேசிபி கை எட்டுகிற தூரத்தில். தினமும் சாயங்காலம் அதை வழித்தால் பெரிய தொட்டியைத் தொடவே வேண்டாம்.

கரூர் கிரஷர்:
ஒன்று விட்டுப்போச்சு. மாவைச் சுத்தமாகப் போக்கவேண்டியதில்லை. கான்கிரீட்டுக்கான மணல், ஜல்லி பற்றிய இந்தியத் தர விதி ஐ.எஸ். 383-இன்படி உடைத்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழே 15 சதவீதம் வரை இருக்கலாம். களி வேறு கதை.

காங்கேயம் வாஷர்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேனுங்க. மிதவை போட்டாச்சு, குழியும் வெட்டியாச்சு. பவுடர் விட்ட அரைமணியில் தொட்டியின் எதிர்முனையில் முழங்கை ஆழம் வரை தெரிந்தது. வழித்த சேறுதான் காயவே மாட்டேங்குது, மேட்டில் குவித்து வைத்திருக்கிறேன்.

பழைய ஃபிட்டர்:
மழைக்கு முன்னால் அதைச் சுற்றி வரப்புப் போடுங்க. இல்லாவிட்டால் மறுபடியும் அதே கொறங்காடுதான்.